ஒரு ஜாடி மருந்தும் இரண்டு கட்டில்களும்

முதலில் கெட்டது என் நாக்கு. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். காலையில் கஞ்சி வாயில் பட்டாலே எரிந்தது. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாக்கின் மேல் இருக்கும் சொரசொரப்பெல்லாம் போய் வழவழவென்று சிவந்து கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பில் சூடு ஏறுவது சகஜம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மோர் குடித்தேன், மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டேன். ஆறவில்லை. ஆறாம் மாதத்தில் படியேறினால் மூச்சு வாங்கியது. ஏழாம் மாதம் பிறந்தபோது தலை பின்னினாலே மூச்சு வாங்கியது.

நான் ஆம்பூரில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெயர் சுகிர்தம். என் வீட்டுக்காரர் தேவசகாயம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. எங்கள் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. அதனால் இந்த முறை உடம்புக்கு என்ன வந்தாலும் வெளியே சொல்லப் பயந்தேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

வகுப்பில்தான் விழுந்தேன். அன்றைக்குப் பாடம் செல். உயிருள்ளது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனது, அந்த அறைக்குப் பெயர் செல், அது செய்யும் வேலை எதுவோ அதற்கு ஏற்றபடிதான் அதன் உருவம் இருக்கும் என்று சொல்லி, கரும்பலகையில் வெங்காயத் தோலின் செல்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். மூடுகிற வேலை என்பதால் அவை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருக்கும். நரம்பின் செல்லுக்குச் சேதி கொண்டுபோகிற வேலை, அதனால் அது நூல்போல நீளம். இதையெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். வெங்காயத்தை மட்டும் பள்ளிக்கூடத்துப் பழைய பூதக்கண்ணாடிக் குழாயில் ஒருமுறை பார்த்திருந்தேன். மூன்றாவது கட்டத்தைப் போடும்போது சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. குனிந்தேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் அழுத சத்தம்தான் நினைவிருக்கிறது.

ஊருக்கு வெளியே, வாணியம்பாடி போகும் பாதையில், பெண்களுக்கென்று ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி அப்போது இருந்தது. பன்னிரண்டு கட்டில்கள். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. தேவசகாயம் ஜட்கா பிடித்து என்னை அங்கே கொண்டுபோனார். வேலை உடுப்போடு வந்திருந்தார். கையில் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் நீளமான பெஞ்சு. முன்னால் ஒன்பது பேர். எனக்கு உட்கார முடியவில்லை என்று கண்டு ஒரு பெண் தன் குழந்தையை மடிக்கு மாற்றி, நான் சாய்ந்துகொள்ளத் தன் தோளைக் கொடுத்தாள். யாரென்று கேட்கவில்லை. என் முறை வரும்வரை அசையாமல் இருந்தாள்.

டாக்டரம்மா தமிழச்சிதான். ஐம்பது வயதிருக்கும், பேச்சு கம்மி. என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டை வெள்ளை ஒற்றுக்காகிதத்தில் எடுத்து, சிவப்பு நிறங்கள் வரிசையாக அச்சடித்த அட்டையோடு ஒப்பிட்டார். அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் என் ரத்தம் நின்றது. அடி வெளுத்த ரோஜா நிறம். இன்னொரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் பூசி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வந்து தேவசகாயத்திடம்தான் பேசினார்.

“இது சாதாரண சோகை இல்ல. இரும்பு மருந்து குடுத்தா சரியாகாது. இவ ரத்தத்துல செல்லுங்க ஒழுங்கா உருவாகல. இருக்கிறதும் கம்மி. அந்தக் கொஞ்சத்த வெச்சிக்கினு உடம்பு முழுக்கக் காத்து கொண்டு போகணும்னு இதயம் வேகமா ஓடுது. ஒருநாள் அது களைச்சுப் போகும்.”

“பிள்ளைக்கு?”

“ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்.”

வேலூருக்குக் கொண்டுபோகட்டுமா என்று அவர் கேட்டார். ரயிலில் இவளைக் குலுக்க வேண்டாம், வைத்தியம் எங்கேயும் ஒன்றுதான் என்றார் டாக்டரம்மா. அந்த வைத்தியம் ஈரல். தினமும் அரை சேருக்குக் குறையாமல், பாதி வெந்த ஆட்டு ஈரல். ஈரலில் இருக்கும் ஏதோ ஒரு சத்து, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் செல்லைச் சரியாகச் செய்ய வைக்கிறது. அது என்ன சத்து என்று அப்போது அவருக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார்.

ஆம்பூரில் ஈரலுக்கா பஞ்சம்? தேவசகாயம் விடிந்ததும் கசாப்புக்கடையில் நின்று வாங்கி வந்தார். ஆஸ்பத்திரிச் சமையல்காரி வெந்நீரில் ஒரு கொதி விட்டுக் கொடுத்தாள். வெந்துபோன நாக்கில் அது பட்டதும் உயிர் போயிற்று. விழுங்கினேன், வாந்தி எடுத்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அந்த வாடை தூரத்தில் வரும்போதே குடல் புரண்டது. உடம்பு இன்னும் வெளுத்தது. கால் வீங்கியது.

டாக்டரம்மா நான்காம் நாள் ஒரு ஜாடியோடு வந்தார். கறுப்பாக, வெல்லப்பாகு மாதிரி கெட்டியான ஒரு பசை. ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்டிலிருந்து எடுத்த சாறு. இந்த மாதிரி சோகைக்கு அதுவும் கேட்கிறது என்று புதிதாகக் கண்டிருக்கிறார்களாம். மெட்ராஸிலிருந்து அவருக்கு வந்தது ஒரே ஒரு ஜாடி. உப்புக் கரித்தது. ஆனாலும் வயிற்றில் நின்றது. காலை, மதியம், சாயங்காலம், ஒவ்வொரு கரண்டி வெந்நீரில் கரைத்துக் குடித்தேன். ஒரு வாரத்தில் நாக்கு ஆறத் தொடங்கியது. பத்தாம் நாள் எனக்குப் பசித்தது. பசி என்றால் என்னவென்று மறந்துபோயிருந்தவளுக்கு, அன்றைக்கு ஊற்றிய ரசஞ்சோறு கல்யாணச் சாப்பாடு.

அந்தப் பத்தாம் நாள்தான் சிவகாமி வந்தாள்.

ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் நிலமும் கடலை வியாபாரமும். சைவம், முட்டைகூடத் தொடாதவர்கள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும், தலைப்பிள்ளை, ஏழு மாதம். என்னைவிட மோசமான வெளுப்பு. துணைக்கு வந்தவள் அவள் புருஷனின் அக்கா விசாலாட்சி. ஜன்னலோரமாக இருந்த என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்தார்கள். விசாலாட்சி முதல் வேலையாக அந்தக் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டாள். தண்ணீருக்குத் தனிச் செம்பு வைத்துக்கொண்டாள். ஆம்பிளைகள் உள்ளே வரக்கூடாது என்பதால் தேவசகாயம் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். தோல் ஷாப் வாடை எவ்வளவு குளித்தாலும் போகாது. அவர் வந்து நின்றாலே விசாலாட்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அரை அடி பின்னால் போய் நிற்பார்.

சிவகாமி அப்படியில்லை. மூச்சு வாங்க வாங்கப் பேசுவாள். நான் டீச்சர் என்று தெரிந்ததும், “எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பொண்ணு பொறந்தா பள்ளிக்கூடத்துல போடுவேன். எங்க ஊட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்கேன்” என்றாள்.

அவளுக்கும் அதே வியாதிதான் என்று ரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா ஈரல் என்ற வார்த்தையைச் சொன்னதும் நான் விசாலாட்சியைப் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து சிவகாமியிடம் சொன்னாள்:

“சாப்டுடி. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மருந்துன்னு நெனச்சிக்க.”

சிவகாமி மனசார முயற்சி செய்தாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டை வாயில் போட்டாள். மெல்லவே முடியவில்லை. விழுங்கினாள். அரை நாழிகை வாந்தி. அத்தோடு மூச்சு இழுத்த இழுப்பில் உதடு நீலமாகிவிட்டது. டாக்டரம்மா இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மெட்ராஸுக்குத் தபால் எழுதினார். இன்னொரு ஜாடி வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும்.

அன்று மத்தியானம் என்னை மெதுவாக நடத்திக்கொண்டு போய்ச் சோதனை அறையில் உட்கார வைத்தார். ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் பல நாளாக நச்சரித்திருந்தேன். முதலில் ஒரு நர்ஸின் ரத்தத்தைக் காட்டினார். குழாய்க்குள் கண்ணை வைத்தேன். வட்டம் வட்டமாக, எல்லாம் ஒரே அளவு. ஓரம் அடர்த்தி, நடு வெளிறல். மாவு உருண்டையை இரண்டு பக்கமும் விரலால் அமுக்கி வைத்ததுபோல.

“நடுவில கரு இல்லியே டாக்டரம்மா? எல்லா செல்லுக்கும் ஒண்ணு உண்டுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன்.”

“இதுக்கும் இருந்துச்சு. எலும்புக்குள்ள வளரும்போது இருந்துச்சு. வெளிய வர்றதுக்கு முன்னாடி அத வெளிய தள்ளிடும். சுமக்கிறதுக்கு எடம் வேணும் இல்ல? அப்புறம் இந்தத் தட்டை உருவம் எதுக்குன்னு கேளு. உருண்டையா இருந்தா காத்து உள்ளாற போய்ச் சேர நேரம் ஆகும். தட்டையா, மெலிசா இருந்தா சட்டுனு ஏறும், சட்டுனு எறங்கும். தலைமுடியவிடச் சின்ன ரத்தக் குழாய் இருக்கு. அதுல இது மடிஞ்சு நுழஞ்சு போகும்.”

பிறகு என்னுடையது. அது நான் வந்த அன்று எடுத்தது. கண்ணாடியில் பாதி இடம் காலி. இருந்தவையும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில நீள்வட்டம், சில கண்ணீர்த்துளி மாதிரி வால் நீண்டவை. எல்லாமே நர்ஸுடையதைவிடப் பெரிசு. சிலவற்றில் கரு அப்படியே இருந்தது.

“பெரிசா இருக்கே. ஜாஸ்தி சுமக்காதா?”

“ஒண்ணொண்ணும் கொஞ்சம் ஜாஸ்தி சுமக்கும். ஆனா எண்ணிக்கை எங்க? செய்து முடிக்காம அனுப்பின சாமான் இது. சந்துல நுழைய முடியாம சீக்கிரமா ஒடஞ்சு போகுது.”

மூன்றாவதாக, அன்று காலை எடுத்த என் ரத்தம். கூட்டம் சேர்ந்திருந்தது. நீல மை போட்டு அவர் தயாரித்திருந்ததால், சில செல்களுக்குள் மெல்லிய நீல வலை ஒன்று தெரிந்தது. அந்த வலை இருப்பவை இப்போதுதான் பிறந்த செல்கள். ஓரிரு நாளில் வலை மறைந்துவிடும். எனக்குள்ளே புதுசாக ஊறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரும்பலகையில் எத்தனை வருஷம் கோடு கோடாகப் போட்டிருப்பேன். உருவம் குலைந்தால் வேலை குலையும், வேலை குலைந்தால் ஆள் போய்விடுவாள் என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா கேட்டார். அதற்காகத்தான் என்னை அங்கே அழைத்துவந்தார் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

“சுகிர்தம், உனக்கு இப்ப நாக்கு ஆறிடுச்சு. மறுபடியும் ஈரல் சாப்ட்டுப் பாக்க முடியுமா? உன்னால முடிஞ்சா அந்த ஜாடிய அந்தப் பொண்ணுக்கு மாத்திடலாம். பாதிப் பாதியா குடுத்தா ரெண்டு பேருக்கும் பத்தாது. உன்ன நான் கட்டாயப்படுத்த மாட்டேன். உன் வயித்துலயும் ஒரு உயிர் இருக்கு.”

“வாந்தி வருதே டாக்டரம்மா. வாடையே ஆகல” என்றேன்.

பத்து நாளாக நான் அந்த வாடைப் பக்கமே போகவில்லை. ஆகிறதா ஆகவில்லையா என்று எனக்கே தெரியாது. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடித் துண்டுகளைக் கழுவப் போனார்.

தேவசகாயத்திடம் சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்ன பதிலைச் சொல்லவில்லை. சிவகாமிக்கு மருந்து இல்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். விசாலாட்சி மூக்கைப் பொத்தினாள். “பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு தூக்கில் எதையோ கொண்டுவந்தார். ஷாப்பில் அவரோடு வேலை செய்யும் இப்ராஹிம் பாய் வீட்டில் செய்து கொடுத்தது. பாயின் சம்சாரம் ஈரலை வெந்நீரில் முக்கி எடுத்து, அம்மியில் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, சாற்றில் மிளகும் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி சாப்பிட முடியாமல் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தானாகச் செய்தது.

“மூக்க மூடிக்கினு மடமடன்னு குடிச்சிடு. வந்தா வரட்டும்” என்றார் தேவசகாயம்.

குடித்தேன். மிளகுக் காரம் முன்னால் நின்றது. வாடை பின்னால் வந்தது. படுக்கையில் சாய்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக் காத்திருந்தேன். அவர் போன பிறகும் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. பிள்ளை ஒருமுறை உதைத்தது. அவ்வளவுதான்.

சிவகாமி என் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். விசாலாட்சி அப்போது வெளியே துணி துவைக்கப் போயிருந்தாள்.

“டீச்சர், நின்னுச்சா?” என்று கேட்டாள். எனக்கு ஈரல் நின்றால் ஜாடி தனக்கு வரும் என்று நர்ஸ் பேச்சில் கேட்டிருக்க வேண்டும்.

“இல்ல. பின்னாடி போய் வாந்தி எடுத்துட்டேன்.”

நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது அவளுக்குத் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ம்” என்றாள். மெதுவாக, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம்தான் முதல் காரணம். ஒரு பிள்ளையை மண்ணில் வைத்தவள் நான். ஈரல் சாறு இன்று நின்றது, நாளை நிற்காவிட்டால்? ஜாடி கையை விட்டுப் போனபிறகு ரத்தம் ஊறுவது நின்றுபோனால்? அது மட்டுமா என்றால், இல்லை. தள்ளிப் போட்ட அந்த ஒரு முழம் கட்டிலும், என் புருஷன் அரை அடி பின்னால் போய் நின்றதும் மனசில் இருந்தன. அந்தப் பெண் செய்யாததற்கு அந்தப் பெண்மேல் கோபம் வைத்திருந்தேன்.

மறுநாளும் சாறு வந்தது. அதுவும் நின்றது. ஜாடியிலிருந்து மூன்று கரண்டியும் குடித்தேன். சிவகாமி அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடிதான் அவளால் மூச்சுவிட முடிந்தது. விசாலாட்சி பின்னால் உட்கார்ந்து தன் நெஞ்சின்மேல் அவளைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் தேவசகாயம் நேரம் கழித்து வந்தார். சட்டையெல்லாம் ரயில் புகை. ஜன்னலடியில் நிற்க முடியாமல் கீழே குந்திக்கொண்டார்.

“எங்க போயிட்டீங்க?”

“வேலூர் போயிட்டு வர்றேன். ஒரு நாள் லீவு சொல்லிட்டு. அந்த ஜாடி கெடைக்குமான்னு லாங் பஜார்ல ஒரு இங்கிலீஷ் மருந்துக்கடை வுடாம ஏறி எறங்கிட்டேன். பேரு எழுதின காயிதத்த டாக்டரம்மாகிட்ட வாங்கிக்கினுதான் போனேன். ஒரு ஆளு கேள்விப்பட்டதே இல்லன்றான். இன்னொரு ஆளு அடுத்த மாசம் வான்றான்.” உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?”

விசாலாட்சி இதைக் கேட்டாள். அன்றைக்கு அவள் மூக்கை மூடவில்லை.

எனக்கு அதற்குமேல் படுத்திருக்க முடியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு டாக்டரம்மாவை வரச்சொன்னேன். இரண்டு நாளாக ஈரல் சாறு நிற்கிறது, ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு நாள் என்று நான் சொன்னதை அவர் கவனித்தார். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். ஜாடியை எடுத்துப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய், தன் கையாலேயே முதல் கரண்டியைக் கரைத்துக் கொடுத்தார்.

சிவகாமி அதைக் குடித்துவிட்டு, “உப்பா இருக்கு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று நாளில் எதுவும் தெரியவில்லை. நான்காம் நாள் டாக்டரம்மா கண்ணாடித் துண்டோடு போனவர் வேகமாகத் திரும்பி வந்தார். அவர் வேகமாக நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நீல வலை வந்துவிட்டது. புதுச் செல்கள் பிறக்கத் தொடங்கிவிட்டன. விசாலாட்சிக்கு வலையும் புரியவில்லை, செல்லும் புரியவில்லை. “ரத்தம் ஊறுதுன்னு சொல்றாங்க” என்று நான் சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதாள். எழுந்து வந்து என் கட்டில் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சிவகாமிக்கு இடுப்பு வலி வந்தது. எட்டாம் மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது. நல்ல உடம்புக்காரியே தவித்துப்போகும் வேலை அது. நாலு நாள் மருந்தில் ஊறிய ரத்தத்தை வைத்துக்கொண்டு அந்த இதயம் எவ்வளவு தூரம்தான் ஓடும்? திரையைப் போட்டு மறைத்தார்கள். திரைக்குப் பின்னால் டாக்டரம்மாவின் குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ஆண் பிள்ளை, மூச்சு இல்லை. அதற்குப் பின்னால் ஒரு மணி நேரம்கூட சிவகாமி இருக்கவில்லை.

மறுநாள் வண்டி வந்தது. புருஷன்காரன் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கிளம்பும்போது விசாலாட்சி என்னிடம் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தொட்டது அதுதான் முதல் தடவை.

“உன் வயித்துப் புள்ளைய வெச்சிக்கினு உன் மருந்த எடுத்துக் குடுத்தியே தாயி. ஒன் புருஷன் வேலூர் வரைக்கும் அலைஞ்சாரே. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க.”

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.

மெட்ராஸ் பார்சல் அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. நான் டாக்டரம்மாவின் அறைக்குப் போய், அந்த இரண்டு நாளைப் பற்றிக் கேட்டேன்.

“அந்த ரெண்டு நாள் முன்னாடி குடுத்திருந்தா பொழச்சிருப்பாளான்னு கேக்கிற. எனக்குத் தெரியாது. இருக்கலாம், இல்லாமயும் போயிருக்கலாம். தெரியும்னு சொன்னா பொய்” என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றிருந்தேன். அவர் அடுத்த நோயாளியை உள்ளே வரச்சொன்னார்.

நான் நிறை மாதத்தில் ஒரு பெண் பிள்ளை பெற்றேன். எடை கம்மி, ஆனால் நன்றாக அழுதது. வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் தேவசகாயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. “நான் வேலூர்ல அலைஞ்சப்போ உனக்குத் தெரியுமா?” என்றுதான் கேட்டார். தெரியும் என்றேன். வேலூர் போகப்போகிறார் என்பது எனக்கு முன்னால் தெரியாது. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை, சாறு நின்றதை. பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. திட்டவும் இல்லை.

பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும், “ஒடுகத்தூர் போகணும்” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மாதனூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் தெருமுனையில் புளியமரத்தடியில் நின்றுகொண்டார். நான் பிள்ளையோடு உள்ளே போனேன்.

விசாலாட்சி பின்பக்கக் களத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடி வந்தாள். பிள்ளையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “பொண்ணா? பொண்ணா?” என்று முகத்தோடு முகம் வைத்தாள். உள்ளேயிருந்து வெல்லமும் பாலும் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தாள். பால் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குடித்துவிட்டால் சொல்ல மாட்டேன்.

சொன்னேன். ஈரல் சாறு முதல் நாளே நின்றது, இரண்டு நாள் மறைத்தேன் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிள்ளையின் கையில் ஒரு கடலையைக் கொடுத்து, அது வாயில் போட்டுக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். நின்னுச்சான்னு என்ன கேட்டா.”

“நீ இன்னா சொன்ன?”

“இல்லன்னு சொன்னேன்.”

விசாலாட்சி களத்தைப் பார்த்தாள். கடலைமேல் பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு ஏறியிருந்தன. அவள் விரட்டவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ. அந்த ரெண்டு நாளும் என் மேலதான சாஞ்சிருந்தா. சொல்லியிருந்தா உன் கால்ல வுழுந்தாவது வாங்கியிருப்பேனே.”

அழவில்லை. குரலும் உயரவில்லை. பிள்ளையின் விரலைப் பிரித்து அந்தக் கடலையை எடுத்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். முறத்தை இழுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து உடைக்கத் தொடங்கினாள். உள்ளேயிருந்து ஒரு பெண் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெயில் களத்தின் பாதிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தேன். போ என்று அவள் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பிள்ளை பாலுக்குக் கையை நீட்டி அழுதது. தூக்கிக்கொண்டு எழுந்தேன். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வர்றேன் என்று சொல்வது வழக்கம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே வந்துவிட்டேன்.